மூளைப் படமெடுப்பு ஆய்வில் பங்குபற்ற வருவோர் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் பல்கலைக்கழக மட்டத்தில் நடக்கும் மூளை ஆய்வுகளுக்குத் தமிழ் பேசும் பங்குபற்றுநர்களை ஆயத்தப்படுத்தும் பணியில் இருப்பதால், வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வருபவரும், யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்குபவரும் அநேகமாக ஒரே சந்தேகங்களையே கேட்பதைக் கண்டேன். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். கடைசிக் கேள்விகள் சில, ஆய்வு செய்யத் தொடங்கும் மாணவர்களுடையவை.

இங்கே என்னதான் செய்வீர்கள்? ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கானும் இதுவும் ஒன்றா?

இயந்திரம் பெரும்பாலும் ஒன்றே, நோக்கம் வேறு. வைத்தியசாலையில் உங்களுடைய வருத்தம் என்னவென்று அறிவதற்காக வைத்தியர் படம் எடுக்கச் சொல்கிறார். ஆய்வில் உங்களுக்கு வருத்தம் இருக்கிறதா என்று எவரும் தேடுவதில்லை. வாசிப்பு, நினைவாற்றல், நோவு, உறக்கம் போன்ற ஏதோ ஒன்று மனித மூளையில் எவ்வாறு நிகழ்கிறது என்ற கேள்விக்குப் பலரின் மூளைகளிலிருந்து விடை தேடுகிறார்கள்; அந்தப் பலரில் நீங்களும் ஒருவர். ஆகவே நீங்கள் அங்கே நோயாளி அல்ல, பங்குபற்றுநர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழுள்ள பல பதில்கள் எளிதில் விளங்கும்.

இத்தகைய வசதிகளில் பொதுவாக இரண்டு வகைக் கருவிகள் பயன்படுகின்றன. எம்.ஆர்.ஐ இயந்திரம் மூளையின் அமைப்பையும் அதன் குருதியோட்ட மாற்றத்தையும் படமாக்குகிறது. ஈ.ஈ.ஜி கருவி தலையின் தோலில் வைக்கப்படும் மின்வாய்கள் மூலம் மூளையின் மின் செயற்பாட்டைப் பதிவுசெய்கிறது. சில ஆய்வுகளுக்கு ஒன்று போதும், சிலவற்றுக்கு இரண்டும் தேவைப்படும்.

கதிர் பட்டு பின்னுக்கு ஏதும் வருமோ?

எக்ஸ்ரேயிலும் சி.ரி ஸ்கானிலும் பயன்படும் கதிர்வீச்சு எம்.ஆர்.ஐயில் இல்லை. உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்களை வலிமையான காந்தப்புலத்தில் ஒழுங்குபடுத்தி, வானொலி அலையால் சற்றே தூண்டிவிட்டு, அவை திரும்ப வெளியிடும் சமிக்ஞையைக் கொண்டே படம் உருவாக்கப்படுகிறது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தில் அந்த அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 128 மெகாஹேட்ஸ், அதாவது நாம் கேட்கும் எப்.எம் ஒலிபரப்புக்குச் சற்று மேலே. காந்தப்புலத்தின் சாய்வுகளைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் வழியை 1973இல் போல் லோட்டர்பர் வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் கோடிக்கணக்கானோர் இந்த இயந்திரத்துக்குள் சென்று வந்திருக்கிறார்கள்.

ஊசி போடுவார்களா என்றும் பலர் கேட்கிறார்கள். குருதியோட்ட மாற்றத்தைப் பார்க்கும் வழமையான ஆய்வுகளுக்கு எந்த மருந்தும் ஏற்றத் தேவையில்லை. ஏதாவது ஏற்றுவதாக இருந்தால் அது தகவல் தாளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தாலிக்கொடி, தாயத்து, அரைநாண் எல்லாம் கழற்றத்தான் வேண்டுமா? தங்கம் காந்தத்தில் ஒட்டாதே.

தங்கமும் வெள்ளியும் செம்பும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆயினும் அவை மின்னைக் கடத்துபவை. வானொலி அலை படும்போது அவற்றில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறலாம். கழுத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் கொடியிலும், செம்புத் தகட்டைச் சுருட்டி அடைத்த இடுப்புச் சுரையிலும் இந்த அபாயம் கூடுதல். கொக்கியில் வேறு உலோகக் கலப்பும் இருக்கலாம். கொண்டை ஊசி, சேலையைப் பிடித்திருக்கும் ஊசி, பர்தாவின் குண்டூசி ஆகியவை உருக்கினால் ஆனவை. அவை உண்மையிலேயே பறக்கும். சரிகை வைத்த துணியிலும் சில விளையாட்டு உடைகளிலும் உலோக இழை கலந்திருக்கலாம் என்பதால் பருத்தி உடை மாற்றச் சொல்வார்கள்.

இது மிகைப்பட்ட எச்சரிக்கை அன்று. 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட 50,000 மடங்குக்கும் மேல் வலிமையானது. படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும், விடுமுறையிலும் அது இயங்கிக்கொண்டே இருக்கிறது. 2018இல் மும்பை வைத்தியசாலை ஒன்றில், ஒட்சிசன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ அறைக்குள் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் பலர் இருக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. அவர்கள் எம்.ஆர்.ஐ ஆய்வில் சேராமல் ஈ.ஈ.ஜி ஆய்வில் சேரலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, சொன்ன பிறகு அவர்களை எவரும் வற்புறுத்தவும் கூடாது.

எனக்கு உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது. அதைச் சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பார்களோ?

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் கவனமாக வாசிக்கச் சொல்லும் பதில் இதுவே. எறிகணைச் சிதறல்கள் பெரும்பாலும் உருக்கு. உருக்கு காந்தத்தால் இழுக்கப்படும், திருப்பப்படும். தசைக்குள் நீண்டகாலம் கிடக்கும் துண்டைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து அதைப் பிடித்திருக்கலாம். ஆனால் கண், முள்ளந்தண்டு, மூளை, பெரிய குருதிக்குழாய் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள துண்டு சிறிதளவு அசைந்தாலே பார்வையோ உயிரோ போகலாம். நோயாளி ஒருவருக்கு எம்.ஆர்.ஐ அவசியமானால், அபாயத்தையும் நன்மையையும் வைத்திய நிபுணர் எடைபோட்டு முடிவு செய்வார். ஆய்வில் பங்குபற்றுபவருக்குத் தனிப்பட்ட நன்மை எதுவும் இல்லாததால் எடைபோடுவதற்கே அங்கு இடமில்லை. துண்டு இருப்பதாகவோ இருக்கலாம் என்றோ தெரிந்தால் அவரை எம்.ஆர்.ஐக்கு எடுக்காமல் விடுவதே சரி.

படிவம் கேட்பது உடலில் உலோகம் இருக்கிறதா, எந்த இடத்தில் என்பதை மட்டுமே. எந்த ஊரில், எந்த ஆண்டில், எப்படி என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. படம் எடுப்பவருக்கு அது தேவையற்ற விபரம், கேட்க அவருக்கு உரிமையும் இல்லை. அதைக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தால் "இல்லை" என்று அடையாளமிடுபவர்கள் இருக்கக்கூடும் என்பதே என் பெரிய கவலை. அப்படி அடையாளமிடுவதைவிட, காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்வது எவ்வளவோ மேல். காயப்பட்டதாக நினைவிருந்தும் துண்டு உள்ளே தங்கியதா என்று தெரியாதவர்களும் அவ்வாறே சொல்லிவிட வேண்டும். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனப் பட்டறைகளில் ஒட்டு வேலையோ கடைசல் வேலையோ செய்தவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால் அதையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இதயமுடுக்கி, செவியில் பொருத்திய கருவி, மூளைக் குருதிக்குழாயில் போட்ட கிளிப், எலும்பில் வைத்த தகடு, கருப்பையில் வைத்த லூப் என எதையும் விட வேண்டாம். அவற்றில் சில பிரச்சினையற்றவை, எவை என்பதை அறைப் பொறுப்பாளர் தீர்மானிப்பார்.

இதில் ஆய்வாளர்கள் சிந்திக்க வேண்டிய விடயமும் உண்டு. போரில் காயப்பட்டவர்களை எம்.ஆர்.ஐக்கு எடுக்க முடியாதபோது, போரின் மன வடுக்கள் பற்றிய படங்கள் பெரும்பாலும் உடலில் காயமில்லாதவர்களின் படங்களாகவே சேரும். ஈ.ஈ.ஜிக்கு இந்தத் தடை இல்லாததால், அத்தகைய ஆய்வுகளில் அதையும் சேர்த்துத் திட்டமிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

குழாய்க்குள் மூச்சு முட்டும் என்கிறார்கள். சத்தமும் அதிகமாமே?

குழாயின் இரு முனைகளும் திறந்தவை, உள்ளே காற்று வரும். சத்தம் உண்மையில் அதிகம். காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் மிக விரைவாக மாறும்போது அவை அதிர்வதால் 100 டெசிபெலுக்கு மேலும் ஒலி எழும். ஆகவே காதடைப்பானும் அதன் மேல் காதுக்கவசமும் இன்றி எவரையும் உள்ளே அனுப்பக்கூடாது. கையில் ஒரு ரப்பர்ப் பந்து தருவார்கள். அதை அழுத்தினால் உடனே நிறுத்தி வெளியே எடுப்பார்கள். முதலில் படம் எடுக்காமல் சும்மா படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவுப் பயணம் செய்து நேராக வருபவர்கள் உள்ளே உறங்கிவிடுகிறார்கள். உறங்கும் மூளையின் படம் விழித்திருக்கும் மூளையின் படத்திலிருந்து வேறுபடும். முடிந்தால் வேறொரு நாளைக் கேளுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வது ஏன்?

ஈ.ஈ.ஜி அளக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள். தேங்காயெண்ணெய் மின்னைக் கடத்தாது. தோலுக்கும் மின்வாய்க்கும் இடையில் அந்தப் படலம் இருந்தால் சமிக்ஞையைவிட இரைச்சலே கூடுதலாகப் பதிவாகும். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு நன்றாக அலசி, காயவிட்டு, பின்னலோ கொண்டையோ இல்லாமல் வந்தால் போதும். உப்புக் கலந்த பசை பூசுவார்கள், அது தண்ணீரில் போய்விடும். நீண்ட அடர்ந்த முடியுள்ளவர்களுக்குத் தொப்பி பொருத்தக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்தை ஒதுக்குவது ஆய்வாளரின் பொறுப்பு. முடியைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்புவது முறையன்று.

மூளை வேலை செய்வதை ஒரு படம் எப்படிக் காட்டும்?

நேரடியாகக் காட்டுவதில்லை. நரம்புக்கலங்கள் கூடுதலாக இயங்கும் பகுதிக்குக் குருதி கூடுதலாகப் பாய்கிறது. அங்கே செலவாகும் ஒட்சிசனைவிட வந்து சேரும் ஒட்சிசன் அதிகம். ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும் தன்மையுடையது, ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் அவ்வாறு குலைப்பதில்லை. ஆகவே இயங்கும் பகுதியின் சமிக்ஞை மிகச் சிறிதளவு, ஓரிரு சதவீதம் வரை, உயர்கிறது. இதை மூளையைப் படமெடுக்கப் பயன்படுத்தலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் அவரது குழுவினரும் 1990இல் காட்டினார்கள். 1992இல் மனித மூளையில் அது செய்து காட்டப்பட்டது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன. குருதியின் இந்த மாற்றம் உச்சத்தை அடைய 5 முதல் 6 செக்கன்கள் ஆகும், எனவே எம்.ஆர்.ஐ பார்ப்பது எப்போதும் சற்று முந்திய நிகழ்வின் சுவடு. மேலும், பத்திரிகைகளில் வரும் சிவப்பு மஞ்சள் நிறங்கள் மூளையில் இருப்பவை அல்ல. ஒரு செயலின்போது கிடைத்த சமிக்ஞையை இன்னொரு நிலையில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, வேறுபாடு புள்ளிவிபரப்படி நம்பத்தக்கதாக இருக்கும் இடங்களுக்குக் கணினி பூசிய நிறங்கள் அவை. நிறமற்ற இடம் உறங்குகிறது என்று பொருளன்று.

அப்படியென்றால் ஈ.ஈ.ஜி எதற்கு? அது பழைய முறை அல்லவா?

பழையதுதான். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். ஆனால் மேலே சொன்ன 5 செக்கன் தாமதம் இதில் இல்லை. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாக நேரத்தைக் காட்டும். ஒரு சொல்லைக் கேட்ட கணத்துக்கும் அது பொருந்தாச் சொல் என்று மூளை உணரும் கணத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறிய ஈ.ஈ.ஜியே வேண்டும். எந்த இடத்தில் என்ற கேள்விக்கு அது தெளிவாகப் பதில் சொல்லாது, ஏனெனில் மண்டையோட்டு எலும்பு மின்புலத்தைப் பரப்பிக் கலக்கிவிடுகிறது.

உள்ளே படுத்திருக்கும்போது நான் நினைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ? பொய் சொன்னால் பிடிபடுமோ?

தெரியாது. தண்ணீர் பவுசர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்து அந்த வீட்டில் இன்று என்ன கறி என்று சொல்ல முடியாதது போல, குருதி எங்கே பாய்கிறது என்பதிலிருந்து ஒருவரின் எண்ணத்தைச் சொல்ல முடியாது. படம் சிறு கனசதுரங்களால் ஆனது; அத்தகைய ஒரு கனப்புள்ளியிலேயே பல இலட்சம் நரம்புக்கலங்கள் அடங்கியிருக்கின்றன.

அதேவேளை, எதுவுமே முடியாது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 2023இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கதை கேட்கும் ஒருவரின் மூளைப் படங்களிலிருந்து அக்கதையின் சாரத்தை ஓரளவு மீட்டெடுத்தார்கள். அதற்காக ஒவ்வொருவரும் 16 மணித்தியாலம் இயந்திரத்துக்குள் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பயிற்றிய முறை இன்னொருவரிடம் பலிக்கவில்லை, அவர் மனத்தை வேறெங்கோ செலுத்தினாலும் பலிக்கவில்லை. பொய்யைக் கண்டறிவது பற்றிக் கேட்டால், இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், மூளை மின்னலைச் சோதனை உட்பட இத்தகைய பரிசோதனைகளை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்ததை நினைவூட்டுவேன். ஆய்வு வசதி விசாரணைக்கூடம் அல்ல, அப்படி ஆக்கப்படவும் கூடாது.

இடதுகைக்காரன் என்பதால் வேண்டாம் என்றார்கள். இது பாகுபாடு இல்லையா?

வலதுகைக்காரர்களில் 95 சதவீதமளவினருக்கு மொழியின் முக்கிய பகுதிகள் இடப்பக்கத்தில் இருக்கின்றன. இடதுகைக்காரர்களில் இது ஏறத்தாழ 70 சதவீதமே. சிறிய குழுவை வைத்து மொழியை ஆராய்பவர் இந்த வேறுபாட்டைத் தவிர்க்க விரும்புகிறார். காரணம் விளங்கக்கூடியதே. ஆனால் எல்லோரும் இப்படியே செய்தால் இடதுகைக்காரர்களின் மூளையைப் பற்றி நாம் குறைவாகவே அறிவோம். மொழியோடு தொடர்பற்ற ஆய்வுக்கும் பழக்கதோஷத்தால் இதே விதியை வைத்திருந்தால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சோதனை எல்லாம் இங்கிலீசில்தான் இருக்குமோ?

ஒப்புதல் படிவமும் தகவல் தாளும் நீங்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் இருக்க வேண்டும்; இலங்கையில் அவற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஆயத்தப்படுத்துவது வழக்கம். தமிழில் தராமல் "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போட வேண்டாம்.

திரையில் வரும் பணிகளின் மொழி சிக்கலான விடயம். ஆங்கிலத்துக்காக வடிவமைத்த ஒரு பணியில் ஒவ்வொரு சொல்லும் அரைச் செக்கன் தோன்றினால் போதும். தமிழில் வேற்றுமையும் காலமும் எண்ணும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீள்கின்றன. அதே அரைச் செக்கனில் பலரால் வாசித்து முடிக்க முடியாது. நேரத்தை மாற்றாமல் மொழியை மட்டும் மாற்றினால், தமிழ் வாசகரின் மூளை "மெதுவானது" என்று தவறான முடிவுக்கு வர நேரும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கடையில் சிங்களமும் பேசி வளரும் கொழும்புப் பிள்ளைகளை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது. பணி உங்களுக்கு வேகமாகப் போனால் தயங்காமல் சொல்லுங்கள், அது உங்கள் குறை அன்று.

மூளையில் ஏதும் வருத்தம் தெரிந்தால் சொல்வீர்கள்தானே?

முதல் பதிலில் சொன்ன வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. ஆய்வுப் படங்கள் நோயைக் கண்டறிவதற்காக எடுக்கப்படுபவை அல்ல. கட்டியைத் தேட வைத்தியசாலையில் எடுக்கும் வகைப் படங்கள் பல இதில் எடுக்கப்படுவதே இல்லை. ஆகவே "ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு ஒன்றுமில்லை" என்று எண்ணிக்கொண்டு தலைவலிக்கு வைத்தியரிடம் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராமல் ஏதாவது தென்படுவதும் உண்டு. வெளிப்படையான நோய் அறிகுறி இல்லாதவர்களின் மூளைப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கட்டுரை, இத்தகைய கண்டுபிடிப்புகள் சுமார் 2.7 சதவீதத்தினரில் இருந்ததாகக் கூறியது. அவற்றில் பல தீங்கற்ற நீர்ப்பைகள் போன்றவை. அப்படித் தென்பட்டால் கதிரியல் வைத்திய நிபுணர் ஒருவர் பார்ப்பாரா, உங்களுக்கு யார் சொல்வார், எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், அறிய விரும்பாவிட்டால் மறுக்கலாமா என்பவை நீங்கள் கையெழுத்திடும் முன்பே தாளில் இருக்க வேண்டும். தற்செயலாகக் கண்ட தீங்கற்ற நீர்ப்பை ஒருவருக்குப் பல மாத மனக்கலக்கத்தையும் செலவையும் தரக்கூடும் என்பதால் இது சிறிய விடயம் அன்று.

மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்று இந்தப் படத்தில் பார்த்துச் சொல்லலாமா?

முடியாது. ஓட்டிசம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு ஆகியவற்றைத் தனியொருவரின் மூளைப் படத்திலிருந்து கண்டறியும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இன்றுவரை இல்லை. குழுக்களுக்கிடையே சராசரி வேறுபாடு இருந்தாலும், தனியாட்களின் அளவீடுகள் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்து கிடக்கின்றன. படத்தைக் காட்டிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பிள்ளையின் நடத்தையையும் வளர்ச்சியையும் நேரில் பார்த்து மதிப்பிடும் நிபுணரிடமே அழைத்துச் செல்லுங்கள்.

என்னுடைய படம் யார் யாருக்குப் போகும்?

இயந்திரத்திலிருந்து வரும் கோப்பில் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். ஆய்வுக்கு முன் அவற்றை நீக்கிக் குறியீட்டு எண் இட வேண்டும். அது மட்டும் போதாது. தலையின் படத்திலிருந்து முகத்தை மீட்டெடுக்கலாம்: 2019இல் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள், முகம் அறியும் மென்பொருளைக் கொண்டு 84 பேரில் 70 பேரை அவர்களின் எம்.ஆர்.ஐ படத்திலிருந்தே சரியாக அடையாளம் கண்டார்கள். ஆகவே வெளியே பகிரும் முன் முகப் பகுதியை அழித்துவிட வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய வகையாகவே கருதுகிறது.

எங்கள் விரிவுரையாளரின் ஆய்வு இது. இடையில் விலகினால் மார்க்ஸ் குறையுமோ?

குறையக்கூடாது. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், இயந்திரத்துக்குள் இருக்கும்போதுகூட விலகலாம். தமது மாணவரைத் தாமே அழைக்கும் விரிவுரையாளர் அவருக்கு மறுக்க இடம் கொடுப்பதில்லை என்றே நான் கருதுகிறேன்; அழைப்பு வேறொருவர் மூலம் வர வேண்டும். நெருக்கடி ஏற்பட்டால் நெறிமுறை மீளாய்வுக் குழுவிடம் முறையிடலாம், அதன் தொடர்பு விபரம் தகவல் தாளிலேயே இருக்கும்.

20 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து பட்டத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வியைப் பொறுத்தது. ஒரே ஆளின் இரண்டு நிலைகளை ஒப்பிடுவதானால் சிறிய குழுவிலும் தெளிவான விடை கிடைக்கலாம். ஒருவரின் நுண்ணறிவையோ குணவியல்பையோ அவருடைய மூளை அமைப்போடு தொடர்புபடுத்துவதானால் 20 பேர் எதற்கும் போதாது. அத்தகைய தொடர்புகள் நிலையாகத் தெரிய ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

பகுப்பாய்வில் இன்னொரு பொறி இருக்கிறது. மூளைப் படத்தில் ஒரு இலட்சம் கனப்புள்ளிகள் இருந்து, ஆயிரத்தில் ஒரு பிழையை அனுமதித்தால், எதுவுமே நிகழாதபோதும் நூறு புள்ளிகள் ஒளிரும். இதைக் காட்டுவதற்காகவே 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்த சல்மன் மீனை இயந்திரத்தில் வைத்து அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் "காட்டினார்கள்". இத்தனை புள்ளிகளைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையிலும் செயற்பாடு தெரிந்தது. ஒரே தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தபோது அவற்றின் முடிவுகள் பல இடங்களில் முரண்பட்டதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவுசெய்து வையுங்கள்.

ஆய்வுக்கென்று தனி இயந்திரம் கிடைக்காவிட்டால், வைத்தியசாலை இயந்திரத்தை இரவில் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், உலகில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. 1.5 டெஸ்லா இயந்திரத்திலும் நல்ல ஆய்வு செய்ய முடியும். சமிக்ஞை குறைவென்பதால் கூடுதல் நேரமோ கூடுதல் ஆட்களோ வேண்டியிருக்கும். நோயாளிகளின் காத்திருப்புப் பட்டியலில் கைவைக்காத நேரமாக அது இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு படமும் தொடங்கும் கணத்தைக் கணினிக்கு அறிவிக்கும் சமிக்ஞை வெளியே எடுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே திரை பார்க்க வழியுண்டா, மூலத் தரவை அழியுமுன் பிரதி எடுக்கலாமா என்று முதலில் விசாரியுங்கள். மென்பொருள் மேம்படுத்தப்பட்டால் முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட முடியாமற் போகலாம், ஆகவே அந்தத் திகதிகளைக் குறித்துவையுங்கள்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். காந்தச் சுருள் சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. குளிரூட்டி நீண்டநேரம் நின்றால் பெரும்பாலான இயந்திரங்களில் ஹீலியம் ஆவியாகிக் குறையத் தொடங்கும். 2022 மின்வெட்டுக் காலத்தை அனுபவித்த எவருக்கும் பிறப்பாக்கி பற்றி விளக்க வேண்டியதில்லை. இவை ஒழுங்கானதும் பங்குபற்றுநர்களை அழைத்துவிடாமல், ஒரே ஆளை இரு வேறு நாட்களில் படமெடுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் ஆட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். அந்த முதல் ஆளுக்கும் அனுமதி தேவை. அவர் உங்கள் நண்பராக இருந்தாலும், பாதுகாப்புப் படிவத்தை வரி வரியாக நிரப்பிய பின்பே உள்ளே அனுப்ப வேண்டும்.